வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கலாமா? வெள்ளவத்தை வாசகிக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 36. உயரம் 158 சென்ரிமீற்றர், நிறை 68 கிலோ, இடுப்புச் சுற்றளவு 94 சென்ரிமீற்றர். இரண்டு பிள்ளைகளும் சிசேரியன், சின்னவனுக்கு 4 வயது. படுத்தால் வயிறு தட்டையாகி விடும். எழுந்து நின்றால் வெட்டின தழும்புக்கு மேலே தோல் மடிந்து தொங்குகிறது. நாரிப் பக்கத்துச் சதையும் சேலைக்கு வெளியே தெரிகிறது. அப்பாவுக்குச் சீனி வருத்தம், எனக்கும் வெறுவயிற்றில் 112 காட்டியது. கனடாவில் இருக்கும் மச்சாள் லைப்போசக்சன் (கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சத்திரசிகிச்சை) செய்து நன்றாக இருக்கிறா. இங்கே ஓர் அழகு நிலையத்தில் விசாரித்தேன். ஒரே நாளில் 6 லீற்றர் எடுக்கலாம், 10 கிலோ குறையும், சீனியும் இறங்கும், விறைப்பு ஊசி மட்டும்தான், பின்னேரமே வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். பத்துக் கிழமையில் யாழ்ப்பாணத்தில் தங்கச்சியின் கல்யாணம். அதற்கு முன் செய்யலாமா? கர்ப்பத்தடைக் குளிசை எடுக்கிறேன், அதனால் பிரச்சினை வருமா?

பதில்: சகோதரி, முதலில் அந்த நிலையம் சொன்ன கணக்கைப் பார்ப்போம். 6 லீற்றர் தண்ணீரின் நிறையே 6 கிலோதான். கொழுப்பு தண்ணீரை விட இலேசானது, ஒரு லீற்றர் ஏறக்குறைய 900 கிராம். உறிஞ்சுவது முழுவதும் சுத்தக் கொழுப்பு என்று வைத்தாலும் 5.4 கிலோவைத் தாண்டாது. போத்தலில் சேர்வது சுத்தக் கொழுப்பும் அல்ல. உள்ளே ஏற்றிய மருந்துத் தண்ணீரும் கொஞ்சம் இரத்தமும் அதில் கலந்திருக்கும். சற்று நேரம் அசையாமல் வைத்தால், குளிர்சாதனப் பெட்டியில் வைத்த தேங்காய்ப்பால் பிரிவதைப் போல மஞ்சள் கொழுப்பு மேலே வந்து, கலங்கல் தண்ணீர் அடியில் நிற்கும். மேலே நிற்பதைத்தான் எண்ண வேண்டும். அந்த 10 கிலோ எந்தக் கணக்கிலும் வராது.

லைப்போசக்சன் உருவத்தைத் திருத்தும் சத்திரசிகிச்சை. நிறையைக் குறைக்க அதை நம்பக்கூடாது. சாப்பாட்டுக்கும் நடைக்கும் அசையாமல் ஓரிடத்தில் நிற்கும் சதையை, அந்த இடத்தில் மட்டும் மெல்லியதாக்க அது உதவும். அதனால் உங்கள் வயிறு எதனால் இப்படி இருக்கிறது என்பதே முதற் கேள்வி. முன்வயிறு தள்ளுவதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம்: தளர்ந்த தோல், தோலுக்குக் கீழுள்ள கொழுப்பு, பிள்ளைப்பேற்றின் பின் நடுவில் விலகிப்போன தசை, குடலைச் சுற்றியுள்ள உட்கொழுப்பு. உறிஞ்சு குழாய் போவது இரண்டாவதற்குள் மட்டுமே. மற்ற மூன்றுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது.

வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று தொப்புளுக்குப் பக்கத்தில் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் நன்றாகக் கிள்ளிப் பிடியுங்கள். தடிப்பாக, மெத்தென்று கைக்குள் வருவது தோலடிக் கொழுப்பு. கையில் வருவது மெல்லியதாக, துணி மடிப்பைப் போல இருந்தால் அது வெறும் தோல். கையில் அதிகம் வராமல் வயிறு மட்டும் பானை போல இறுகி முன்னே நின்றால், அது உட்கொழுப்பு அல்லது தசை விலகல். பிறகு நிமிர்ந்து படுத்து முழங்காலை மடித்து, தலையையும் தோளையும் சற்றுத் தூக்கியபடி தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களை நடுக்கோட்டில் வைத்து அமத்துங்கள். இரண்டு விரலுக்கு மேல் உள்ளே இறங்கினால் தசை விலகியிருக்கிறது. நடுவில் முகடு போல ஏதாவது எழும்பினால், தொப்புளில் கட்டி மாதிரி ஒன்று வந்து போனால், அது குடலிறக்கமாக இருக்கலாம். அப்படியென்றால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்காமல் யாரையும் குழாய் வைக்க விடாதீர்கள். வயிற்றுச் சுவரில் ஓட்டை இருப்பது தெரியாமல் குழாயை ஓட்டும்போது அது குடலைத் துளைத்துவிடலாம். லைப்போசக்சனில் உயிருக்கு ஆபத்தான விபத்துகளில் அது ஒன்று.

படுத்தால் தட்டை, நின்றால் தழும்புக்கு மேலே தொங்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். நேரில் தொட்டுப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனாலும் இது பெரும்பாலும் தோலும் தசையும் சேர்ந்த பிரச்சினை. அந்த மடிப்புக்குள் இருக்கும் கொழுப்பை மட்டும் உறிஞ்சினால், காற்றுப் போன பலூன் மாதிரித் தோல் இன்னும் சுருங்கித் தொங்கும். அதற்குரியது மிச்சத் தோலை வெட்டி எடுத்து, விலகிய தசையை இழுத்துத் தைக்கும் அப்டொமினோபிளாஸ்ரி. அது பெரிய சத்திரசிகிச்சை. தழும்பு நீளம், ஓய்வும் கூட. நாரிப் பக்கத்துச் சதை வேறு கதை. அங்கே தோல் தடிப்பும் இழுவையும் உள்ளது, உறிஞ்சிய பிறகு நன்றாகச் சுருங்கும். உங்களுக்கு லைப்போசக்சன் பொருந்துமென்றால் அது அங்கேதான். மச்சாளுடைய வயிறும் உங்களுடையதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

சீனி இறங்கும் என்று சொன்னது தவறு. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் உடற்பருமன் உள்ள 15 பெண்களுக்கு 9, 10 கிலோ அளவில் தோலடிக் கொழுப்பை எடுத்து, 10 முதல் 12 கிழமை கழித்து அளந்து பார்த்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் விதமோ, குருதிச் சீனியோ, பிரஷரோ, கொழுப்பு அளவுகளோ திருந்தவில்லை. 2004இல் நியூ இங்லண்ட் ஜேர்னல் ஒஃப் மெடிசினில் வந்த ஆய்வு அது. சீனி வருத்தத்தோடு அதிகத் தொடர்பு உள்ளது உட்கொழுப்புக்குத்தான், அதை எந்தக் குழாயும் தொடாது. 2012இல் பிரேசிலில் நடந்த இன்னோர் ஆய்வு அதைவிட முக்கியம். வயிற்றில் சிறிதளவு கொழுப்பு எடுத்த பெண்களில் உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு ஆறு மாதத்தில் உட்கொழுப்பு கூடியிருந்தது. பயிற்சி செய்தவர்களுக்குக் கூடவில்லை. எடுத்த கொழுப்புக் கலங்கள் திரும்ப முளைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் மிச்சமிருக்கும் கலங்கள் பருக்கும், அது உள்ளேயும் நடக்கும்.

உங்கள் உடற்திணிவுச் சுட்டி (உயரத்துக்கு நிறை பொருந்துகிறதா என்று காட்டும் பிஎம்ஐ) 27.2. நம்மைப் போன்ற ஆசியருக்கு 23க்கு மேல் அபாயம் தொடங்கி, 27.5க்கு மேல் அதிகமாகிறது. தெற்காசியப் பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு 94. வெறுவயிற்றில் 112 என்பது சீனி வருத்தத்தின் வாசற்படி. எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) இன்னும் செய்யவில்லையென்றால் இந்தக் கிழமையே செய்யுங்கள். சத்திரசிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும் அது வேண்டும்.

இனி அந்த 6 லீற்றருக்கு வருவோம். "விறைப்பு ஊசி மட்டும்தான்" என்பது கேட்க இலேசாக இருக்கிறது, ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் பயம் தந்தது அதுதான்.

ஏன் என்று விளங்க, செய்யும் முறையைப் பாருங்கள். முதலில் நிற்க வைத்துப் பேனையால் அடையாளமிடுவார்கள், ஏனென்றால் படுத்ததும் சதை இடம் மாறிவிடும். பிறகு தொப்புளுக்குள்ளும் பழைய தழும்பின் ஓரத்திலும் அரிசி மணியளவு துளைகள். அவற்றின் வழியே ஒரு கலவையை ஏற்றுவார்கள்: 1 லீற்றர் சேலைனில் 500 முதல் 1000 மில்லிகிராம் லிக்னொகெயின், ஏறக்குறைய 1 மில்லிகிராம் அட்ரினலின், எரிவு குறையக் கொஞ்சம் சோடியம் பைகாபனேற். லிக்னொகெயின் விறைக்க வைக்கும். அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி இரத்தப் போக்கை அடக்கும். ஜெஃப்ரி கிளைன் என்ற அமெரிக்கத் தோல் வைத்தியர் 1980களில் இந்த முறையைக் கொண்டுவந்த பிறகுதான் லைப்போசக்சனில் இரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. தோல் வெளிறி, பந்து போல இறுகும்வரை ஏற்றி, 15 நிமிடமளவில் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் அட்ரினலின் வேலை செய்யாது, போத்தல் சிவக்கும்.

அதன் பிறகு கனுலா. கையில் சேலைன் ஏற்றும் கனுலா அல்ல, 3 முதல் 4 மில்லிமீற்றர் தடிப்பில், நுனி மழுங்கிய, பக்கத்தில் துளையுள்ள நீண்ட உலோகக் குழாய். ஒரு கை அதை விசிறி விரித்தாற்போல முன்னும் பின்னும் ஓட்ட, மற்றக் கை தோலின் மேல் இருந்து நுனி எங்கே நிற்கிறது என்பதை விடாமல் உணர்ந்துகொண்டிருக்கும். ஆழத்திலுள்ள கொழுப்பை முதலில் எடுத்து, தோலோடு ஒட்டிய படையை விட்டு வைப்பார்கள். அந்தப் படையையும் சுரண்டினால் தோல் தசையோடு ஒட்டி, அலை அலையாக, பள்ளம் பள்ளமாகிவிடும். திருத்துவது மிகக் கடினம். குழாயில் வரும் நிறம் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறினால் அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

இப்போது கணக்கு. சாதாரணமாக ஊசியில் போடும்போது, அட்ரினலினோடு சேர்ந்த லிக்னொகெயினுக்கு எல்லை கிலோவுக்கு 7 மில்லிகிராம், உங்களுக்கு 476. நீர்த்துக் கொழுப்புக்குள் ஏற்றும்போது மெதுவாக உறிஞ்சப்படுவதால் 35 மில்லிகிராம் வரை போகலாம் என்று கிளைன் காட்டினார்: 35 × 68 = 2380. தோல் வைத்தியர்களின் சில வழிகாட்டிகள் 55 வரை ஒத்துக்கொள்கின்றன, ஆனால் அது விளிம்பில் நடப்பது. 6 லீற்றர் எடுக்க ஏறக்குறைய அதே அளவு கலவையாவது உள்ளே போக வேண்டும். லீற்றருக்கு 1000 மில்லிகிராம் கலவையென்றால் 6000 மில்லிகிராம், கிலோவுக்கு 88. பாதிச் செறிவில் கலந்தாலும் 3000, கிலோவுக்கு 44. உங்கள் நிறையை யாராவது கேட்டு, தாளில் பெருக்கிப் பார்த்தார்களா?

இந்த மருந்து இரத்தத்தில் உச்சத்துக்கு வருவது ஏற்றி 8 முதல் 14 மணித்தியாலம் கழித்து. காலையில் செய்தால் இரவில் வரும். நிலையம் பூட்டியிருக்கும், நீங்கள் வெள்ளவத்தையில் படுத்திருப்பீர்கள். மருந்து கூடிவிட்டால் முதலில் உதட்டைச் சுற்றி விறைப்பு, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், நாக்குக் குழறல். களைப்பு என்று வீட்டார் நினைத்துத் தூங்க விடுவார்கள். பிறகு வலிப்பு, இதயத் துடிப்புக் குழம்பல். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், ஃப்ளுகொனசோல், புரொப்பிரனோலோல் போன்றவை ஈரல் லிக்னொகெயினைக் கழிக்கும் வேகத்தைக் குறைக்கும். பார்மசியில் வாங்கி விழுங்கிய குளிசை எதுவென்றாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். நஞ்சேறினால் கொடுக்க வேண்டிய 20 வீதக் கொழுப்புச் சேலைன் (இன்ட்ராலிப்பிட்) சத்திரகூடத்திலேயே இருக்க வேண்டும். "இன்ட்ராலிப்பிட் வைத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். விழித்துப் பார்த்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

ஒரே அமர்வில் மொத்தம் 5 லீற்றருக்கு மேல் எடுப்பதைப் பேரளவு என்று வகுத்திருக்கிறார்கள். அது ஆஸ்பத்திரியில், மயக்க மருந்து நிபுணருடன், ஏற்றிய தண்ணீரையும் போன சிறுநீரையும் அளந்து, இரவு முழுவதும் கண்காணித்துச் செய்ய வேண்டிய வேலை. பின்னேரம் வீட்டுக்கு அனுப்பும் இடத்தில் நடக்கக்கூடாது.

ஆளையும் இடத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். வைத்தியரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் இருக்க வேண்டும், ஆனால் அது சாதாரண எம்பிபிஎஸ் வைத்தியர்களுக்கும் உண்டு. இந்த வேலைக்குக் கேட்க வேண்டியது பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் விசேட நிபுணர் தகுதி. இங்கே அந்தப் பயிற்சியை நடத்துவது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம். அழகியல் டிப்ளோமாக்கள் அதற்கு ஈடல்ல. இடம், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையில் பதிவாகியிருக்க வேண்டும். சான்றிதழில் எந்த வகை நிறுவனம் என்று இருக்கிறது, எந்த ஆண்டுக்கு என்பதையும் வாசியுங்கள். தூக்க மருந்து கொடுப்பவரும் குழாய் ஓட்டுபவரும் ஒரே ஆளென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கல்யாணத்துக்கு முன் செய்ய வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சம். முதல் கிழமையில் ஏறிய தண்ணீரால் தராசு கூடக் காட்டலாம். கண்டல் மூன்று கிழமையில் மறையும். உட்தோலில் தட்டுப்படும் இறுக்கமும் கட்டிகளும் இளகி, உண்மையான உருவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். பத்தாவது கிழமையில் நீங்கள் பாதி வழியில் நிற்பீர்கள். ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் இறங்கியிருந்தால் சேலை அதை மறைக்காது. அதோடு யாழ்ப்பாணப் பயணம். எட்டு மணித்தியாலம் காலைத் தொங்கவிட்டு இருப்பது காலில் இரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும், முதல் நான்கு கிழமைக்கு அதைத் தவிர்க்கவே வேண்டும். கல்யாண வேலை தொடங்கினால் ஓய்வு எங்கே கிடைக்கும்?

குளிசை பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. ஈஸ்ட்ரஜன் கலந்த குளிசை இரத்த உறைவு அபாயத்தைக் கூட்டும். சத்திரசிகிச்சைக்கு நான்கு கிழமை முன் அதை நிறுத்தி வேறு முறைக்கு மாறுவது வழக்கம். நீங்களாக நிறுத்தாமல் குடும்ப வைத்தியரிடம் கதைத்துவிட்டு மாறுங்கள், சத்திரசிகிச்சையன்று காலையில் கர்ப்பப் பரிசோதனையும் செய்ய வேண்டும். அஸ்பிரின், இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக், விற்றமின் ஈ, மீனெண்ணெய், உள்ளி மாத்திரை ஆகியவை இரத்தப் போக்கைக் கூட்டலாம் என்பதால் இரண்டு கிழமை முன்பே நிறுத்தச் சொல்வார்கள். வைத்தியர் இதயத்துக்காக அஸ்பிரின் தந்திருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. கறியில் போடும் உள்ளி ஒன்றும் செய்யாது.

பிறகு எப்போதாவது செய்தால், பின்பராமரிப்பில் நம் வீடுகளில் வழக்கமாகப் பிழைக்கும் சிலவற்றைச் சொல்கிறேன். முதல் இரண்டு நாள் துளைகளால் சிவப்புத் தண்ணீர் நிறைய வடியும். அது ஏற்றிய கலவை, வெளியே வரட்டும், மெத்தைக்கு ரப்பர் விரிப்புப் போடுங்கள். இறுக்க ஆடையை நான்கு முதல் ஆறு கிழமை இரவும் பகலும் அணிய வேண்டும். கொழும்பு வெக்கையில் ஒன்று போதாது, இரண்டு வாங்கி மாறி மாறித் தோய்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் வேர்வையில் தோல் அழுகும். அதற்கு மேலே உட்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டக்கூடாது. அந்தக் கோடு வீங்கிய சதையில் பதிந்து, நிரந்தரப் பள்ளமாக நிற்கலாம். இருக்கும்போது ஆடை வயிற்றில் மடிந்து கிடந்தாலும் அதே கதிதான். அம்மாமார் அன்போடு கொண்டுவரும் சுடுதண்ணி ஒத்தடம் வேண்டவே வேண்டாம். தோல் மாதக்கணக்கில் விறைத்திருக்கும், சூடு தெரியாது, கொப்புளித்த பிறகுதான் காண்பீர்கள். நம் நிறத் தோலில் துளைத் தழும்புகள் கறுத்து நிற்கும், ஆறு மாதம் வெயில் படாமல் மூடி வையுங்கள். அன்றிரவே எழுந்து நடக்க வேண்டும், படுத்தே கிடக்கக்கூடாது.

மூச்சு முட்டல், நெஞ்சு நோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குதல், குழப்பமான பேச்சு, வயிறு பலகை போல இறுகிச் சத்தி வருதல், மருந்துக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் நோவோடு காய்ச்சலும் தோல் கறுத்தலும்: இவற்றில் எது வந்தாலும் செய்த இடத்துக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸை அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொழுப்பைக் கரைக்கும் ஊசி, உறையவைக்கும் இயந்திரம் என்று அடுத்ததாகச் சொல்வார்கள். டியொக்சிகோலிக் அமில ஊசிக்கு அமெரிக்காவில் 2015இல் அனுமதி கிடைத்தது தாடைக்குக் கீழுள்ள சிறு கொழுப்புக்கு மட்டும், வயிற்றுக்கு அல்ல. உறையவைக்கும் முறை சின்னச் சதைக்கு ஓரளவு உதவும். அரிதாகச் சிலருக்கு அந்த இடத்திலேயே கொழுப்பு கட்டியாகப் பெருத்து, கடைசியில் சத்திரசிகிச்சைதான் மிஞ்சும்.

நிறையை ஆறு மாதத்தில் நான்கைந்து கிலோ இறக்கி, அடுத்த ஆறு மாதம் அதில் நிறுத்திப் பாருங்கள். சீனியைக் கீழே கொண்டுவரவும் அதுதான் வழி. மாலையில் கடற்கரை ஓரம் முக்கால் மணி வேகமாக நடப்பதோடு, சோற்றின் அளவைப் பாதியாக்கினாலே தொடக்கமாகும். அதன் பிறகும் நாரிச் சதை நின்றால் நிபுணரைக் காணப் போங்கள். எச்பிஏ1சி, எஃப்பிசி (முழு இரத்தக் கல எண்ணிக்கை), ஈசிஜி முடிவுகள், சிசேரியன் டயக்னோசிஸ் காட்கள், எடுக்கும் குளிசைகளின் மட்டைகள் எல்லாவற்றையும் கையில் கொண்டு போங்கள். மேலே சொன்ன கிள்ளல் சோதனையை அவர் உங்களை நிற்க வைத்தும் படுக்க வைத்தும் செய்கிறாரா என்று கவனியுங்கள். தொட்டுப் பார்க்காமல் லீற்றர் கணக்கும் விலையும் சொல்பவரிடம் முற்பணம் கட்ட வேண்டாம். பண்டிகைக் கழிவு இந்தக் கிழமையோடு முடிகிறது என்றாலும்தான்.